பால் ஸ்டோரிலிருந்து கடல் வரை

மலேசியத் தமிழ்ப் புனைவில் கடல் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது, கப்பலேறும்போது. நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, தோட்டத்து லயத்துக்குள் நுழைந்ததும் அது கதையை விட்டுப் போய்விடுகிறது. அந்த ஒரு முறையை நம் எழுத்தாளர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ரஜூலா கப்பலின் பெயர் இன்னும் நெஞ்சை உலுக்குவதில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்கள் கடலை விட்டு விலகியவை அல்ல. லுக்குட், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கரை மிக அருகில். உள்ளே தள்ளியிருக்கும் சிரம்பான், ரெம்பாவ் பக்கத்துத் தண்ணீரும் லிங்கி ஆற்றோடு போய், மலாக்கா எல்லையில் நீரிணையில் விழுகிறது. பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்த பிறகு மிஞ்சும் புளித்த தண்ணீருக்கும் போக்கிடம் கால்வாய்தான். செம்பனை வந்ததும் அளவு பெருத்தது: ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர். அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் இருக்கும். மலேசியாவின் 1977ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகள்தான் அதைப் படிப்படியாக 100க்கு இறக்கச் சொல்லின.

தோட்டக் கதைகளில் இந்த நாற்றம் உண்டு. கட்டிப்பால் வாடை சேலையிலும் கையிலும் எத்தனை தேய்த்தாலும் போகாது என்பதை உடம்பால் உணர்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கேயே நின்றும் விடுகிறார்கள். வாடை வறுமைக்குச் சாட்சி சொல்லிவிட்டால் போதும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் பின்னால் போவதில்லை. தொழிலாளியின் உலகம் தோட்டத்து எல்லையோடு முடிந்தது, அதுதான் யதார்த்தம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். ஆற்றில் தூண்டில் போட்டதும் தோட்டத்துப் பிள்ளைதான். தாத்தாவின் அஸ்தியைக் கரைக்கப் போனதும் அதே கடலுக்குத்தான்.

கடலை எழுத முன்மாதிரி தேடினால், ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலில் இருப்பது கடலில் பிழைத்தவர்களின் கடல். அதை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது. அதே ஆண்டில் வந்த ஃபிராங்க் ஷெட்சிங்கின் ஜெர்மன் நாவல் 'திரள்' காட்டும் வழியும் நமக்கு உதவாது. கடல் அதில் மனித இனம் முழுவதன்மேலும் திரும்பித் தாக்குகிறது. பயமுறுத்துவதில் அது கெட்டிக்கார நாவல்தான். ஆனால் கம்பெனி முதலாளியும் நாள் சம்பளத்துக்குப் பால் வெட்டியவளும் அங்கே ஒரே குற்றவாளி.

தோட்டத்து மனிதர் அந்தக் கழிவுக்குக் கைகொடுத்தவர், அதைச் சுவாசித்தவர், அதில் லாபம் காணாதவர். இந்தச் சிக்கலை எழுத லிங்கி ஆற்றங்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கழிவுநீர் மதகைத் திறக்கச் சொன்னவரும், திறந்த கங்காணியும், ஆற்று முகத்தில் வலைபோடும் மலாய் மீனவரும் ஒரே நாவலுக்குள் வரவேண்டும்.