குறியீடும் வாக்குரிமையும்

1998 இல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கிய வேளை, எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. ஒருவர் ஏற்றிய பாட்டு மற்றவர் திரையில் கிறுக்கலாயிற்று. தன்னார்வலர் கூடி வகுத்த திஸ்கி அச்சிக்கலைத் தணித்தது. பின்னர் அத்திட்டம் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. இதனை நாம் வரவேற்கிறோம்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. யூனிகோடு மன்றத்துக்கு முன்மொழிவை எவரும் அனுப்பலாம். வாக்குரிமையோ பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் பெருநிறுவனங்களுடையது. பழங்கணக்கில் வழங்கிய பின்னங்கள், அளவைக் குறிகள் முதலிய 51 தமிழ் வடிவங்கள் 2019 இல்தான் அங்கு இடம்பெற்றன. சந்தைக்கு வேண்டாத குறி, ஏடு படிப்போர்க்கு வேண்டும். ஆகவே உழைக்கும் திட்டங்கள் நியமத்தைப் பின்பற்றுவதோடு நில்லாது, அதனை வகுக்கும் அவையிலும் அமர வேண்டும். மொழி மக்களுடையதெனில் அதன் குறியீடும் மக்களுடையதே.