கூதிர்காலப் புத்தகம்

மொழிபெயர்ப்பு நாவல்களில் இலையுதிர் காலம் என்று ஒன்று வருகிறது. காலடியில் சருகு நொறுங்கக் கதாநாயகன் நடந்து போவான். பழைய காதல் ஞாபகம் வரும். நம் ஊரில் சருகு உதிர்வது மாசி பங்குனியில். அப்போது வரப்போகும் வெயிலைத் தவிர யாருக்கும் வேறு ஞாபகம் வருவதில்லை. நமக்கு அந்த இடத்தில் இருப்பது கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். கொடியில் போட்ட வேஷ்டி மூன்று நாளானாலும் உலராது. தீப்பெட்டி நமுத்துப் போகும். தீபாவளி லேகியம் பாதி டப்பா மீந்திருக்கும், மலர்களையும் புரட்டி முடித்தாகிவிடும். பழைய புத்தகங்களை எடுக்க வேண்டிய பருவம் இதுதான்.

இந்த மாதங்களில் நான் நாவல் படிப்பதில்லை. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் இதை வெளியில் சொல்லக்கூடாதுதான். ஆனால் அடைமழையில் கதை ஓட வேண்டும் என்ற அவசரமே போய்விடுகிறது. யாராவது பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தம் போக்கில் பேசினால் போதும் என்றிருக்கிறது. ஆகவே சுயசரிதைகள்.

திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புக'ளை முதலில் எடுத்தேன். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததை, அதில் பங்குகொண்டவர் வாயிலாகவே கேட்கலாம். நேர்மையான புத்தகம். ஆனால் வாழ்க்கையைத் துறை துறையாகப் பிரித்து வைத்துவிட்டார். மேடையில் பழகிய குரல், மழை இரவில் கொஞ்சம் உரத்துக் கேட்கிறது. நாமக்கல் கவிஞரின் 'என் கதை'யில் கதை சொல்லும் சாமர்த்தியம் அதிகம். அதுவே எனக்குக் குறை. நன்றாக ஓடுகிறது, ஓடிவிடுகிறது.

கடைசியில் வந்து நிற்பது, வருஷா வருஷம் போலவே, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில்தான்.

1940-ல் ஆனந்த விகடனில் இதைத் தொடங்கியபோது ஐயருக்கு எண்பத்தைந்து வயது ஆகப்போகிறது. அந்த வயதில் எவருக்கும் தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ள உரிமை உண்டு. அவரோ 'தளிர் ஆராய்ச்சி' என்று ஓர் அத்தியாயம் எழுதுகிறார். மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வீட்டுப் பின்புறத்தில் மரக்கன்றுகள் வைத்திருந்தார். புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று தினம் காலையில் பார்ப்பது அவருக்கு ஒரு சந்தோஷம். புதிதாகச் சேர்ந்த மாணவப் பிள்ளை இதைக் கவனித்து, முன்னதாகவே எழுந்து தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு குருவுக்குக் காட்டுகிறான். குரு மகிழ்ந்த நேரம் பார்த்துப் பாடம் கேட்கலாம் அல்லவா? பக்தி என்று எழுதிவிட்டுப் போகலாம். கொஞ்சம் தந்திரமும் கலந்திருந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போவது அந்தத் தந்திரத்தினால்தான்.

1880-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, அதுவும் ஐப்பசிதான், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். வயது இருபத்தைந்து, காலேஜில் தமிழாசிரியர், மகாவித்வானின் மாணாக்கர். படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்த ஒரு கேள்வி 1887-ல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக முடிந்ததும், தொடர்ந்து பழைய இலக்கியங்கள் அச்சுக்கு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். நாவலாசிரியன் கையில் கிடைத்திருந்தால் அந்தச் சந்திப்பை இடி மின்னலோடு எழுதியிருப்பான். ஐயர் எழுதுவது, கற்றவன் என்ற பெருமிதம் அடிபட்ட ஓர் இளைஞனின் சங்கடத்தை. சுயசரிதை எழுதுகிறவர் தம் சொந்தக் கதையிலேயே சின்னவராக நிற்கச் சம்மதிக்கிறாரா என்பதுதான் நான் வைத்துப் பார்க்கும் உரைகல். தலைவர்களின் புத்தகங்கள் பலவும் இதில் தேறுவதில்லை; ஐம்பது வருஷம் ஒருவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தால் நமக்கு அங்கே என்ன வேலை?

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. தகப்பனார் வேங்கடசுப்பையர், பிள்ளையின் படிப்புக்காக அரியலூர், குன்னம் என்று குடிபெயர்ந்தது தெரிகிறது; ஆதரித்தவர்கள் யார் யார் என்பதும் தெரிகிறது. தம் கலியாணத்தையும் விரிவாகவே எழுதுகிறார். அந்தக் கலியாணத்தில் மணப்பெண்ணாக உட்கார்ந்த மதுராம்பிகை அதற்குப் பிறகு எங்கே? சுவடி தேடி அவர் ஊர் ஊராகப் போன நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? அந்தத் தலைமுறையின் மரியாதை அது என்பார்கள். மரியாதைதான். ஆனால் இத்தனை பேருக்கு நன்றி சொல்லும் ஒரு புத்தகத்தில் அந்த இடம் காலியாகவே இருப்பது, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு உறுத்துகிறது.

1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே நின்றுவிட்டது. குறுந்தொகையை எண்பத்திரண்டாம் வயதில், 1937-ல் பதிப்பித்த கிழவரை இதில் காண முடியாது. மீதிக்கு 'நினைவு மஞ்சரி'யைத்தான் தேடிப் போக வேண்டும். அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. ஈரம் ஏறியிருக்கிறதா என்று நாளைக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.