ஷஹ்ரஸ்தானீயின் அளவுகோலும் கொச்சி யூதர்களும்

கலாம் கலையைப் பயின்றோர் இமாம் ஷஹ்ரஸ்தானீ (ரஹ்) அவர்களின் ‘அல்மிலல் வன்னிஹல்’ நூலை நன்கறிவர். அவர்கள் ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1153) மறைந்தார்கள். அந்நூலில் யூதப் பிரிவுகளைப் பற்றிய பகுதியை மட்டும் நாம் இங்கு ஆராய்கிறோம்.

யூதர்கள் எழுபத்தொரு பிரிவினராயினர் என்னும் ஹதீஸை எண்ணி, அத்தொகையை நிரப்ப இமாம் முற்படவில்லை. பெயர்பெற்ற சில பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இது அவர்களின் நேர்மை. அவற்றுள் துறவு மிகுந்த மகாரிபா என்னும் கூட்டத்தார், கிறித்தவரான ஆரியூஸுக்கு நானூறு ஆண்டுகள் முற்பட்டவர்கள் என்கிறார்கள். கி.பி. 937இல் அரபியில் எழுதிய யூத அறிஞர் கிர்கிஸானீ, ‘மகாரிய்யா’ என்றொரு பிரிவைச் சுட்டி, அவர்களின் ஏடுகள் குகையில் (மகாரா) கிடைத்தமையால் அப்பெயர் வந்தது என்றார். 1947இல் சாக்கடலருகே கும்ரான் குகையேடுகள் வெளிப்பட்டபோது, அறிஞர் சிலர் இக்குறிப்புகளைத் தேடிப் படித்தது வியப்பன்று.

ஆனால் யூதர்களின் சர்ச்சைகள் யாவும் நஸ்க், தஷ்பீஹ், கத்ரு, ரஜ்ஆ ஆகிய நான்கையே சுற்றிச் சுழல்வதாக இமாம் கூறுவதை நம்மால் ஏற்க இயலவில்லை. ரப்பானிகள் நம்மிடையேயுள்ள முஃதஸிலாக்களைப் போன்றோர் என்கிறார்கள். இது பாக்தாதின் அளவுகோல். கும்ரான் மக்களோ 364 நாள் கொண்ட ஆண்டுக்கணக்கிற்காகவும், தூய்மைச் சட்டங்களுக்காகவும், ஸதோக்கின் குருமரபிற்காகவும் பிறரோடு மாறுபட்டவர்கள். அங்கே கொள்கையினும் செயலும் வம்சமுமே முன்னின்றன.

வம்சமொன்றே பிளவுக்குப் போதும் என்பதற்கு அண்மைச் சான்று கொச்சி. அங்கிருந்த யூதர்க்குத் தவ்ராத் ஒன்று. ஹலாக்கா என்னும் சட்டமரபும் ஒன்று. ஆயினும் தூய வம்சத்தார் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் மற்றோரை அடிமை வழியினர் என்று ஒதுக்கி, மணவுறவை மறுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கு கெய்ரோவிலிருந்த ரப்பி தாவூத் இப்னு ஸிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீரில் மூழ்கி விடுதலை பெற்றோர் முழு யூதரே, அவர்களை மணக்கலாம் என்று அவர் ஃபத்வா அளித்தார். கொச்சி அதைச் செவிமடுக்கவில்லை. (நம் ஜமாஅத்துகளில் சம்பந்தம் பேசும்போது எழும் வினாக்களை அறிந்தோர் இங்கே கொச்சியாரை எள்ளி நகையாடமாட்டார்கள்.)

1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப் பள்ளியில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் இருக்கைகளில் அமர இயலாது. முன்கூடத்துத் தரையே அவர்களுக்குரிய இடம். அவ்வழியில் 1882இல் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்ற ஆபிரகாம் பராக் சலேம், காந்தியடிகளின் அறவழியைத் தம் வணக்கத்தலத்திற்குள்ளேயே கையாண்டார். தடைகள் ஒவ்வொன்றாகத்தான் தளர்ந்தன. கெய்ரோவின் தீர்ப்பு வந்து அப்போது ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.