குதிரையின் சொறிக்குத் தீன் மருந்தாகுமா?

நெடுங்கேணியில் மாடுண்டு, ஆடுண்டு. குதிரை பார்க்க நெடுந்தீவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் குதிரையின் தோல் ஒவ்வாமையைத் தீனை மாற்றித் தணிக்கும் முறை, குதிரைக்காரருக்கு மட்டும் உரிய பேச்சல்ல. மிருகத்தின் தோலில் எது கிளம்பினாலும் ‘தீன் ஒத்துவரவில்லை’ என்று முடிவுகட்டும் மனம் எங்கும் உண்டு. தீனைச் சந்தேகிப்பதில் தவறில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோவின் பயண நூல், கடல்வழி இறக்கிய குதிரைகளுக்கு இறைச்சி சேர்த்த சோறு கொடுத்ததையும் அவை ஏராளமாக மடிந்ததையும் சொல்கிறது. பொருந்தாத தீன் குதிரையைக் கெடுக்கும். அதனால் பொருந்திய தீன் சொறியை மாற்றிவிடும் என்று தாவ முடியாது.

குதிரைகளில் மிகுதியாகக் காணும் ஒவ்வாமைச் சொறிக்குக் காரணம் பூச்சிக்கடி. நுளம்பிலும் சிறிய கியூலிக்கொயிடிஸ் பூச்சியின் உமிழ்நீரை உடல் எதிர்க்கும்போது பிடரியும் வாலடியும் தினவெடுக்கும். வேலியிலும் மரத்திலும் உரசியே குதிரை மயிரை இழக்கும். இதற்கு ஐஸ்லாந்துக் குதிரைகளை விட நல்ல சான்று கிடைக்காது. வெகுகாலம் அந்தப் பூச்சி அந்தத் தீவில் இருக்கவில்லை. அங்கே வளர்ந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான குதிரைகளை இந்நோய் அதிகம் தாக்குகிறது. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்தவற்றை மிகக் குறைவாகத்தான் தாக்குகிறது. இரண்டும் மேய்வது அதே புல்லை. எந்த வயதில் பூச்சியைச் சந்தித்தன என்பதே அவற்றைப் பிரிக்கிறது.

அப்படியானால் உணவுக்கு வேலையே இல்லையா? கொஞ்சம் உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட சோதனையில், ஆளி விதை தின்ற காலத்தில் 6 குதிரைகளுக்குப் பூச்சிச் சாறு ஏற்றிய இடத்தில் எழுந்த தடிப்பு சிறுத்தது. ஆளி விதையின் ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைத் தணிக்கும் என்ற விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் 6 குதிரை சின்ன எண். அளந்ததும் தடிப்பின் பரப்பைத்தான். மேய்ச்சலில் நிற்கும் குதிரை எவ்வளவு உரசியது என்பதை அது சொல்லாது. முன்னதாக 1999இல் வந்த மற்றொரு சோதனையில் ஒமேகா-3 மிகுந்த எண்ணெய் தினவைத் தெளிவாகக் குறைக்கவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆளி விதைக்குப் பதிலாகக் கைக்கெட்டிய நல்லெண்ணெயை ஊற்றத் தோன்றும். எள்ளில் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். மயிர் மினுங்கும், அவ்வளவுதான். அதைவிடப் பச்சைப்புல் மேல்: அதில் கொழுப்பே குறைவு என்றாலும், இருக்கும் கொழுப்பில் ஒமேகா-3 முன்னிற்கிறது.

தீனாலேயே வரும் ஒவ்வாமை உண்டே என்று கேட்கலாம். உண்டு, குதிரையில் அரிது. அதை அறிய நேர்மையான வழி, ஒரே புல்வகையோடு 4 முதல் 6 வாரம் நிறுத்தி, தணிந்தபின் பழைய தீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துச் சொறி மீள்கிறதா என்று பார்ப்பது. விற்பனையிலுள்ள இரத்தப் பரிசோதனை இதற்குக் குறுக்குவழியாகாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அது நோயற்ற மட்டக் குதிரைகளுக்கும் ஒவ்வாமை இருப்பதாகக் காட்டியது. திருப்பிக் கொடுக்கும் இரண்டாம் பாதிதான் எளிதில் கைவிடப்படுகிறது. சுகமான மிருகத்தை மறுபடி சொறிய விட யாருக்கு மனம் வரும்? இதற்குள் பூச்சிக் காலமும் கழிந்திருக்கும். பருவம் செய்த வேலைக்குப் புதுத் தீன் பேர் வாங்கிக்கொள்ளும். இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

கெடுதல் இல்லாததைக் கொடுத்தால் என்ன என்பது கடைசி வாதம். எல்லாம் கெடுதலற்றவை அல்ல. பூச்சியை விரட்டுமென்று உள்ளி கொடுப்பவர் உண்டு. உலர்த்திய உள்ளியை நீண்டநாள் மிகுதியாகத் தின்ற குதிரைகளுக்குச் செங்குருதிக் கலங்கள் சிதைந்து இரத்தச்சோகை வந்ததை 2005இல் வெளியான குவெல்ஃப் ஆய்வு காட்டியது. அளவோடு ஆளி விதை கொடுப்பதை நான் மறுக்கவில்லை. காசும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் வேறு: அந்தியிலும் விடியலிலும் உள்ளே கட்டுதல், சேற்றையும் சாணத்தையும் அகற்றுதல், போர்வை, மின்விசிறி. பறப்பதில் பலவீனமான இப்பூச்சிக்கு விசிறிக் காற்றே பெரிய தடை. பொழுதுபட மாட்டுப் பட்டியில் வேப்பிலைப் புகை போடுபவர் நேரத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் குதிரையின் சுவாசம் புகையில் எளிதில் கெடும் என்பதால், அந்தப் புகையை லாயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.