ஒரு பெயர், இரு தலைவர்: 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் நீடித்த ஈர்ப்பு

கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கி, 1990களின் இறுதியில் ராஜ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர் 'ரமணி வெர்சஸ் ரமணி'. 2022இல் ஆஹா இணையத்தளத்தில் மூன்றாம் பாகம் வெளிவருமளவிற்கு அது நிலைத்தது. இதனைக் கடந்தகால ஏக்கம் என்று மட்டும் விளக்குதல் போதாது; முதல் ஒளிபரப்பிற்குப் பின் பிறந்தோர்க்கு அவ்வேக்கம் எவ்வாறு வாய்க்கும்?

கணவன், மனைவி இருவர் பெயரும் ரமணி. தமிழில் இஃது இருபாற்பொதுப்பெயர்; வினைமுற்றே பால் உணர்த்தும். 'ரமணி சொன்னால் சரி' என்னும் வாக்கியத்திலோ, 'சொன்னால்' என்ற எச்சம் பால் காட்டாது. அவ்வீட்டில் யார் சொல் செல்லும் என்னும் பூசல் இவ்விலக்கண இடைவெளியிலேயே குடியிருக்கிறது. பூசல் விரைந்து தீர்வதால், இடையில் புகும் இணையப் பார்வையாளர்க்கு முன்கதை வேண்டுவதில்லை. பழிவாங்கலை மாதக்கணக்கில் இழுக்கும் நெடுந்தொடர்களுக்கு இவ்வெளிமை கிட்டாது.