ஓட்டை சொல்லும் பாடம்

பருத்தியையும் துணியையும் அறியாத குழந்தை கொங்கு நாட்டில் இருக்க முடியாது. கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள், திருப்பூரில் பின்னலாடைத் தொழில், ஊர்ப்புறங்களில் தோட்டங்கள். எனினும் நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் பூச்சி என்பது ஒரு பாடம், தையல் என்பது வேறொரு வேலை. முன்னது பெயர்ப் பட்டியலாகவும், பின்னது பெண் குழந்தைகளின் கைவேலையாகவும் நின்றுவிடுகின்றன. இரண்டும் அறிவியலாக மலரவில்லை என்பதே என் குறை. இது சிறு குறையன்று.

முதலில் பூச்சிப் பாடத்தைப் பார்ப்போம். நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என இரு கட்டம் போட்டுப் படம் ஒட்டச் சொல்கிறோம். ஆனால் தோட்டத்தில் குழந்தை பெரும்பாலும் காண்பது பூச்சியை அன்று. அது விட்டுச் சென்ற சேதத்தையே. ரோஜா இலையின் ஓரத்தில், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அரைவட்டத் துண்டு ஒன்று காணாமற் போயிருக்கும். அதைச் செய்தது புழு அன்று, இலைவெட்டித் தேனீ! அது இலையைத் தின்பதில்லை. தன் கூட்டின் அறைகளுக்குச் சுவராக எடுத்துச் செல்கிறது. மகரந்தச் சேர்க்கைக்கும் அது உதவுகிறது. இலையில் வெண்கோடு ஒன்று வளைந்து வளைந்து சென்றால், இலையின் இரு தோல்களுக்கிடையே சிறு புழு சுரங்கம் போட்டிருக்கிறது எனலாம். ஓட்டையே இன்றி இலை சுருண்டு பிசுபிசுத்தால், அசுவினி போன்ற சாறு உறிஞ்சிகளைத் தேட வேண்டும். சேதத்தின் வடிவத்தைக் கொண்டு, கடிக்கும் வாயா, உறிஞ்சும் வாயா என ஊகிக்கலாம். இதுவன்றோ அறிவியல்?

சேதத்தைப் படிக்கத் தெரியாதவர் கண்ட புழுவுக்கெல்லாம் தெளிப்பானைத் தூக்குவார். நம் ஊர்ப் பேச்சில் பூச்சிக்கொல்லிக்குப் பெயர் ‘மருந்து’. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து என்றால், ஏழு வயதுக் குழந்தை எப்படிப் பிரித்தறியும்? 2013 ஜூலையில், பீகாரின் சாரண் மாவட்டத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் சாய்சதுர அடையாளம் ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதியின் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை குறையும் வரிசையில் அமையும். பச்சையும் நஞ்சே. இந்நான்கு நிறங்களைச் சொல்லாமல் பூச்சிப் பாடம் முடிந்ததாகாது.

இனித் தையலுக்கு வருவோம். இங்கும் ஓட்டையிலிருந்தே தொடங்கலாம். கம்பளியிலும் பட்டிலும் ஓட்டையிடுவது அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் அந்து எதையும் தின்பதில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சட்டையை, அதிலுள்ள மாவுப் பொருளுக்காக இராமபாணப் பூச்சி அரிக்கிறது. சலவைத்தூள் மிகுந்தாலும் பருத்தி நார் நைந்துபோகும். குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

ஊசியும் ஒரு பாடமே. விரலின் சிறு விசை, மிக நுண்ணிய முனைப் பரப்பில் செயற்படுவதால் அழுத்தம் பன்மடங்காகித் துணி துளைபடுகிறது. நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. ஓட்டையை அடைக்க அதே முறையில் நூலோட்டினால் போதும். பனியன் துணியோ வளையங்களால் ஆனது. ஒரு வளையம் அறுந்தால் ஏணிபோல் பிரிந்து ஓடும். ஆகவே அவிழ்ந்த வளையங்களை முதலில் பிடித்து நிறுத்த வேண்டும். ஓட்டத்துக்குப் பின் தையல் நிலைப்பது நூலுக்கும் துணிக்கும் இடையேயுள்ள உராய்வால்.

பள்ளியில் கைத்தொழிலா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், ஐந்தரை மணிப் பள்ளி நேரத்தில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது. தொழில் வழியே அறிவு என்ற அதன் கொள்கை உயர்ந்தது. ஆனால் குழந்தைகள் செய்த பொருளின் வருவாய் ஆசிரியர் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உடன் வந்தது. அப்போது நூலின் அளவு முன்னே வரும்; கேள்வி பின்னே போகும். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று அது எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே.

நான் வேண்டுவது வேறு. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். ஆண், பெண் இருவரும், எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் செய்ய வேண்டும். விற்பதற்கு எதுவும் இல்லை. தன் சட்டையைத் தானே தைத்துக்கொண்டால் அதுவே ஆதாயம். ஒவ்வொரு பிள்ளையும் ஓட்டை விழுந்த இலை ஒன்றையும், கிழிந்த துணி ஒன்றையும் கொண்டுவரட்டும். யார் செய்தது, எப்படித் தெரியும், இனி வராமல் என்ன செய்யலாம் என்னும் மூன்று கேள்விகளை இரண்டுக்கும் கேட்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு இரு எச்சரிக்கைகள்: ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். நஞ்சு தெளித்த தோட்டத்து இலையைக் குழந்தைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை ‘மருந்து’ என்று வகுப்பறையில் நீங்களும் சொல்லாதீர்கள்.