டியூலிப் கிழங்குக்கு எது காவல்?

டொரொண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், என் வீட்டு வாசலில் டியூலிப் கிழங்குகளை ஓர் அக்டோபர் மாதம் முழங்காலிட்டு நட்டுவிட்டு, மறுநாட் காலையில் கதவைத் திறந்தபோது, பாத்தி நெடுகக் கைப்பிடியளவுக் குழிகளும், குழியோரங்களில் வெங்காயச் சருகு போன்ற பழுப்புத் தோலும், ஒரு பக்கம் கடித்து எறியப்பட்ட இரண்டு கிழங்குகளுமே எஞ்சியிருந்தன. யுத்த காலத்தில் தமக்கும் தம் குழந்தைகளுக்கும் அடைக்கலம் தந்த ஒட்டாவா நகருக்கு நெதர்லாந்து இளவரசி ஜூலியானா 1945-ல் ஒரு லட்சம் கிழங்குகள் அனுப்பிவைத்ததையும், அந்த நன்றியின் தொடர்ச்சியாக 1953 முதல் அங்கே மே மாதந்தோறும் டியூலிப் விழா நடந்துவருவதையும் அறிந்து, குடும்பத்தோடு சென்று அம்மலர்களைக் கண்ணாரக் கண்டு வந்த நாள்தொட்டு, நம் வாசலிலும் ஒரு வரிசை பூக்கவேண்டும் என்று நான் கொண்டிருந்த ஆசை சிறிதன்று. ஆகையால் அடுத்த ஆண்டு 120 கிழங்குகள் வாங்கி, பாத்திக்கு 30 வீதம் நான்கு பாத்திகளில் நட்டு, மூன்று பாத்திகளுக்கு ஒவ்வொரு வகைச் சாதனத்தைக் காவல் வைத்து, நான்காவதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே விட்டேன்.

சாதனங்களைப் பற்றிச் சொல்லுமுன், கிழங்குகளைத் தோண்டிய அணிலைப் பற்றிச் சொல்லவேண்டும். இது முதுகில் கோடுகளுடைய நம்மூர் அணிலன்று. அதைவிடப் பன்மடங்கு பருத்த சாம்பல் அணில். டொரொண்டோவில் கறுப்பு மேனியோடு திரிவதும் இதே இனந்தான். பனிக்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் வழக்கம் இதற்கு இல்லையாதலால், இலையுதிர் காலத்தில் கொட்டைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறிடத்தில் புதைத்து வைத்துப் பின்னர் மோப்பத்தாலும் ஞாபகத்தாலும் தோண்டி எடுக்கிறது; புதிதாகக் கிளறப்பட்ட மண் எதுவாயினும், அங்கே ஆகாரம் புதைந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். நாம் கிழங்கு நடும் பருவமும் அது மண்ணைக் கிளறும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டதே இந்தத் தொல்லையின் மூலகாரணம்.

முதற் சாதனம், மனிதர் செவிக்கு எட்டாத மிகை ஒலியை எழுப்பி அணிலை விரட்டுவதாகச் சொல்லப்படும், சூரிய ஒளியால் இயங்கும் குச்சி. விலை 35 டாலர். அத்தகைய ஒலி காற்றில் விரைவாகத் தேய்ந்துவிடும். இடையே ஒரு செடியோ கல்லோ இருந்தால் அதைத் தாண்டாது. போதாக்குறைக்கு, நவம்பர் மாதத்துக் குறுகிய பகலும் மூடிய வானமும் அதன் பாட்டரியை நிரப்பப் போதவில்லை. மூன்றாம் நாளே அதன் அடியில் ஓர் அணில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். காவலற்ற பாத்தியில் 21 கிழங்குகளும் இந்தப் பாத்தியில் 19 கிழங்குகளும் போயின. இதை வாங்கவேண்டாம்.

இரண்டாவது, பின்வளவில் நான் நிறுத்திய நீர்தெளிக்கும் யந்திரம். நாலு பாட்டரிகளும் தோட்டத்துக் குழாய்நீரும் இதன் ஜீவன். உயிருள்ள உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரின் அசைவை இதன் முகப்பிலுள்ள உணர்கருவி உணர்ந்ததும், உள்ளிருக்கும் அடைப்பு திறந்து, சில விநாடிகள் தண்ணீர் வீச்சாகப் பாய்ந்து நின்றுவிடுகிறது. சமையலறை ஜன்னலருகே நின்று அதன் செயலைப் பலமுறை கவனித்திருக்கிறேன்: வேலியிலிருந்து இறங்கிய அணில், இரண்டடி ஓடி, நின்று, முன்காலால் மண்ணைத் தொட்ட அந்தக் கணத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம், நீர் வந்து விழுமுன்பே அது நெட்டுக்குத்தாகத் துள்ளி, மேப்பிள் மரத்தில் ஏறி, வாலை உதறி உதறிக் கத்தும். விளம்பரத் தாளில் 10 மீட்டர் தூரம் வரை உணரும் என்றிருந்தது. நான் கயிறு போட்டு அளந்தபோது, பெரியவர் ஒருவர் நடந்துவந்தால் அவ்வளவு தூரத்தில் உணர்ந்த யந்திரம், அணிலை ஆறு மீட்டருக்குள் வந்தால்தான் உணர்ந்தது. சிறிய உடம்பின் சிறிய வெப்பத்துக்கு அவ்வளவே இயலும் என்பதால் அதை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. நட்ட நாளிலிருந்து நவம்பர் 8 வரை அந்தப் பாத்தியில் ஒரு கிழங்குகூடப் போகவில்லை.

ஆனால் நவம்பர் 8-ஆம் நாள் இரவு நீர் உறையும் என்று வானிலை அறிவிப்பு வந்தது. குழாய்க்குள் நீர் உறைந்து விரிந்தால் யந்திரத்தின் அடைப்பும் வெடிக்கும், வீட்டுச் சுவருக்குள் ஓடும் குழாயும் வெடிக்கும். ஆகையால் நிலவறைக்குச் சென்று வெளிக்குழாயை அடைத்து, நீரை வடித்து, யந்திரத்தைக் கழற்றி எடுத்துவைத்தேன். மேல்மண் இறுகுவதற்கோ இன்னும் பல வாரங்கள் இருந்தன. அடுத்த நாலு நாட்களில் ஒன்பது கிழங்குகள் போயின. 90 டாலர் கொடுத்து வாங்கிய, வேறெவ்வகையிலும் சிறப்பாக வேலை செய்கிற ஒரு யந்திரம், அபாயம் மிகுந்த நாட்களில் அலமாரியில் கிடக்க நேர்கிறது என்பதை இத்தேசத்தில் இதை வாங்குவோர் முன்னதாகவே அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, வெறும் கோழிக்கூட்டுக் கம்பிவலை. துத்தநாகம் பூசிய, ஓரங்குலக் கண்ணுடைய ஒரு சுருள் 25 டாலருக்குக் கிடைத்தது. ஈரங்குலக் கண் உதவாது, கை நுழையும். பிளாஸ்டிக் வலையும் உதவாது, ஆயுள் முழுதும் வளரும் முன்பற்களையுடைய பிராணிக்கு அதை அறுப்பது கடினமன்று. கிழங்குகளை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, மண்ணை முக்கால் அளவு நிரப்பி, அதன்மேல் வலையை விரித்து, நாலு ஓரங்களையும் ஒரு சாண் கீழ்நோக்கி மடக்கிச் செருகி, எஞ்சிய மண்ணால் மூடினேன். அணில் நடுவில் தோண்டித் தோற்றால் பக்கத்திலிருந்து தோண்டும்; ஆகையால் ஓரத்தை மடக்குவதில்தான் காரியமே இருக்கிறது. வெட்டிய கம்பிமுனை கையைக் கிழிக்கும், தோல் கையுறை அவசியம்.

அன்று வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் செய்த குடும்பத்தவர், “தம்பி, கிண்டின மண்ணின்ர மணம் போகுமட்டும்தான் அது வரும். நட்ட கையோட தண்ணியை ஊத்தி, நல்லா மிதிச்சு, மேல சருகைப் போட்டுவிடுங்கோ. உரிஞ்ச தோலை மட்டும் அங்க விட்டிடாதேங்கோ” என்றார். அவ்வாறே செய்தேன். எலும்புத்தூள் உரத்தையும் தவிர்த்தேன், அதன் வாடையே பிராணிகளை அழைக்கும்.

மே மாத நடுவில் வலை விரித்த பாத்தியில் 30-க்கு 29 பூத்தன. குறையும் உண்டு: இரண்டிடங்களில் தடித்த முளை கண்ணுக்குள் சிக்கி மடங்கியிருந்ததால், மண்ணை விரலால் விலக்கி, அந்தக் கம்பியை மட்டும் நறுக்கி விடவேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் வலை துருப்பிடிக்கும். கிழங்கை மாற்றி நடும்போதெல்லாம் அதைப் பெயர்த்தெடுக்கும் சிரமமும் இருக்கிறது. மேலும், மண்ணுக்கடியில் கிடக்கும் வலை மண்ணுக்கு மேலே எழும் மொட்டைக் காப்பாற்றாது. மொக்கு எழும் வாரத்தில் அணில் காம்போடு கடித்து எறிந்துவிட்டுப் போவதை இருமுறை பார்த்தேன். நீர்யந்திரத்துக்கு உரிய பருவம் அதுவே. உறைபனி நீங்கிய ஏப்ரல் கடைசி வாரத்தில் அதை மறுபடி நிறுத்தியபின் ஒரு மொட்டும் போகவில்லை.

வருகிற அக்டோபரில் நான்கு பாத்திகளுக்கும் வலை விரிக்கப்போகிறேன். சுருளில் போதுமான நீளம் மீதியிருக்கிறது. வேலியோரத்து ஐந்தாவது பாத்தியில் மட்டும் வலையில்லாமல் டாஃபடில் நடுவேன்; அதன் கிழங்கில் உள்ள லைகோரின் என்னும் நஞ்சால் அணில் அதைத் தின்பதில்லை.